தொட்டுக்கொள்ள ஒரு சிவப்பு ஒயின்

துவர்ப்பைப் பற்றி வாழப்பாடிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் அயோத்தியாப்பட்டணம் தாண்டினால், தென்னைகளுக்கு நடுவே ஒல்லியாக, விறைப்பாகப் பாக்கு மரங்கள் தலைகாட்டத் தொடங்கும். வாழப்பாடி, பேளூர், பெத்தநாயக்கன்பாளையம், ஏத்தாப்பூர் என்று வசிஷ்ட நதியை ஒட்டிய ஊர்களில் இந்தத் தோப்புகள்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. சீசன் வந்தால் களமெங்கும் பாக்கு காயும். பச்சைக் காயை உரித்து, அண்டாவில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவைத்து, வெளியே அள்ளி வெயிலில் பரப்புவார்கள். அடுத்த ஈடும் அதே சாற்றில்தான் வேகும். அதற்கடுத்ததும் அப்படியே. ஈடு ஏற ஏறச் சாறு கறுத்துச் சிவந்து கெட்டிப்படும். அந்த நிறம் பாக்கில் ஏறும். கடைசி ஈட்டுச் சாற்றில் ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், கன்னத்தின் உட்புறத்தை யாரோ உள்ளே பிடித்து இழுப்பதுபோல் இருக்கும்.

இந்த இழுப்புக்குக் காரணம் டானின். சிவப்பு ஒயினில் வாயை உலர்த்துவதும் அதே டானின் குடும்பம்தான். வேலை நடக்கும் விதமும் ஒன்றே. நம் எச்சிலில் வழுக்கல் தருவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. டானின் அவற்றைப் பிடித்துத் திரட்டிவிடும். வழுக்கல் போனதும் நாக்கு கன்னத்தில் உரசும். அந்த உராய்வைத்தான் துவர்ப்பு என்கிறோம். இளங்காயில் டானின் அதிகம், பழுத்த பாக்கில் குறைவு. இதெல்லாம் இங்கே பாக்கு உரிக்கும் பெண்களுக்கு வேதியியல் படிக்காமலே தெரியும். ஒயின் பழகும் நகரவாசிக்குப் புரிபடாமல் நழுவும் விஷயமும் முதலில் இதுதான்.

ஆகவே பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்களை வாழப்பாடிக்காரருக்கு விளக்க ஒரு குறுக்கு வழி உண்டு. போர்தோ என்பது பல ஈடு பார்த்த சாறு. இந்தக் கட்டுரையின் நாயகனான போஜொலே முதல் ஈட்டுச் சாறு. ஒயினை யாரும் வேகவைப்பதில்லை என்பது வேறு கதை. ஆனால் தோலும் விதையும் சாற்றில் எவ்வளவு நேரம் ஊறுகின்றன, எவ்வளவு கசக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அங்கேயும் துவர்ப்பு ஏறுகிறது. போஜொலேக்காரர்கள் நிறத்தையும் மணத்தையும் எடுத்துக்கொண்டு, துவர்ப்பை முடிந்தவரை திராட்சையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

விரட்டப்பட்ட திராட்சை

பிரான்சின் கிழக்கே, மக்கோன் நகரத்துக்கும் லியோன் நகரத்துக்கும் இடையே நீண்டு கிடக்கும் குன்றுப் பகுதிதான் போஜொலே. அங்கே விளைவது கிட்டத்தட்ட முழுக்க ஒரே திராட்சை. அதன் பெயர் கமே. கறுப்புத் தோல், வெள்ளைச் சாறு. நிறமெல்லாம் தோலில்தான்.

கமேக்கு ஒரு அவமானக் கதை உண்டு. 1395-ல் பர்கண்டிப் பிரபு பிலிப், தன் ஆட்சிப் பகுதியில் கமேக் கொடிகளை வேரோடு பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். மூட்டை மூட்டையாகக் காய்க்கிறது, ஆனால் ஒயின் மட்டம் என்பது அவர் குற்றச்சாட்டு. உயர்குலத்துப் பினோ நுவார் திராட்சையின் பக்கத்தில் இந்தக் காட்டுப்பயல் நிற்கக் கூடாது. விவசாயிக்கோ எது நிறையக் காய்க்கிறதோ அதுதான் நல்ல கொடி. பிரபுவுக்கும் குடியானவனுக்கும் பயிர் விஷயத்தில் ஒத்துப்போன சரித்திரம் எந்த நாட்டிலாவது இருக்கிறதா என்ன! வடக்கிலிருந்து விரட்டப்பட்ட கமே, தெற்கே போஜொலேயின் கருங்கல் குன்றுகளில் நிலைத்தது. அந்தப் பாறை மண்தான் அதற்குப் பொருந்தியது என்பது பிறகு தெரிந்தது.

செய்முறையிலும் இவர்கள் வழி தனி. குலையைக் கையால் பறித்து, உதிர்க்காமல், நசுக்காமல், முழுக் குலையாகவே தொட்டியில் அடுக்குகிறார்கள். அடியில் உள்ள பழங்கள் மேல்பாரம் தாங்காமல் நசுங்கிப் புளிக்கத் தொடங்கும். அதிலிருந்து எழும் கரியமில வாயு தொட்டியை நிரப்பும். காற்று இல்லாமல் போன முழுப்பழம், தன் தோலுக்குள்ளேயே கொஞ்சம் சர்க்கரையைச் சாராயமாக மாற்றிக்கொள்ளும். ஈஸ்ட் தலையிடுவதற்கு முன்பே நடக்கும் காரியம் இது. பழவாசனை அங்கேதான் பிறக்கிறது. நாலைந்து நாளில் தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளுக்குள் பிழிந்துவிடுகிறார்கள். விதையின் டானின் கரைந்து வர அவகாசமே கிடைப்பதில்லை.

இதிலும் அவசரக் குடுக்கை ஒன்று உண்டு. போஜொலே நூவோ, அதாவது அந்த வருஷத்துப் புது ஒயின். செப்டம்பரில் பறித்த திராட்சை நவம்பரில் கோப்பைக்கு வந்துவிடும். 1985-லிருந்து நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமைதான் அதன் வெளியீட்டு நாள். ஜார்ஜ் துபஃப் என்ற வியாபாரி அதை உலகமெங்கும் திருவிழாவாக்கினார். விளைவு, போஜொலே என்றாலே வாழைப்பழ வாசனை அடிக்கும் விளையாட்டு ஒயின் என்று பெயர் விழுந்துவிட்டது. வாழைப்பழ வாசனை கட்டுக்கதை அல்ல. பழுத்த வாழைக்கு மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை சில வகை ஈஸ்ட்டுகள் ஏராளமாகத் தயாரிக்கும். மோகனூர், பரமத்திவேலூர்க் காவிரிக் கரையில் வாழைத்தார் இறக்குகிறவர் புது போஜொலேயை முகர்ந்தால் ஒரு நிமிஷம் திகைத்துப் போவார்.

நூவோவை வைத்து மொத்த ஊரையும் எடைபோடுவது அநியாயம். வடபாதியில் பத்துப் பகுதிகள் தங்கள் பெயரிலேயே ஒயின் விற்கும் உரிமை பெற்றவை. அவற்றில் ஷிரூப்ல், ஃப்ளெரி இரண்டும் மென்மைக்குப் பேர் போனவை. மோர்கோன், மூலான் ஆ வான் கொஞ்சம் கனமானவை, சில வருஷம் வைத்திருந்தும் குடிக்கலாம். ஜூல் ஷோவே என்ற வேதியியலாளர் இந்தப் பகுதிக்காரர்தான், 1907-ல் பிறந்து 1989-ல் மறைந்தவர். ஒயினில் கந்தகம் சேர்க்காமல், சர்க்கரை கொட்டாமல், திராட்சையை அதன் போக்கில் விடச் சொன்னவர். அவர் பேச்சைக் கேட்ட மோர்கோன் ஊர்க்காரர் மார்செல் லாப்பியேர்போன்ற சிலரால்தான் இன்று உலகம் முழுக்க ‘இயற்கை ஒயின்’ என்ற இயக்கம் நடக்கிறது. நம் இயற்கை விவசாயி நம்மாழ்வார் வழியில் போன விவசாயிகளுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது.

ஃபிரிட்ஜில் வையுங்கள்

சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது, அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எந்த ஊர் அறை என்று கேளுங்கள். கணப்பு இல்லாத பழைய ஐரோப்பியக் கல்வீட்டின் அறை 16, 17 டிகிரியில் இருக்கும். சித்திரை மாதத்து வாழப்பாடி அறை அப்படியா? 35 டிகிரியில் சிவப்பு ஒயினைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது சாராய நெடி. பழவாசனை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். போஜொலேக்கு 12 முதல் 14 டிகிரி சரியான அளவு. ஃபிரிட்ஜில் வைத்து, குடிப்பதற்குக் கால்மணி நேரத்துக்கு முன்னால் வெளியே எடுத்தால் போதும். நம் ஊர் வெயிலில் பாட்டில் தானாகவே சூடேறிக்கொள்ளும்.

இதற்கு நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறன் அருந்துவதற்கு யவனர் கப்பலில் கொண்டுவந்த ஒயினைக் குளிர்ச்சியானது, மணமுள்ளது என்றுதான் சொல்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த கூர்அடிச் சாடிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. அந்தச் சாடி ஒயின் எந்தத் திராட்சையோ! கமே அப்போது பிறந்தே இருக்காது.

சில்வர் டம்ளர் வேண்டாம். நிறமும் தெரியாது, மணமும் தங்காது. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் கோப்பை எதுவானாலும் சரி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மிச்ச இடம் மணத்துக்கு. ருசி பார்ப்பவர்கள் கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார்ப்பார்கள். கட்டியிருக்கும் வேட்டியே போதும். போஜொலே அந்த வெள்ளையை மறைக்காது. விளிம்பில் ஊதா கலந்த சிவப்பு, நடுவில்கூட அடிவரை தெரியும் தெளிவு. கோப்பை நிறைய இருட்டாக, வேட்டிக் கரை தெரியாமல் இருந்தால் அது வேறு சாதி ஒயின்.

அடுத்து மூக்கு. புத்தகங்களில் ராஸ்பெரி, செர்ரி, பியோனிப்பூ என்று எழுதியிருக்கும். இதில் எதுவும் வாழப்பாடிச் சந்தைக்கு வருவதில்லை. அதனால் மனம் தளர வேண்டாம். நாவல்பழம் தெரிகிறதா, கொடைக்கானல் பிளம்ஸ் தெரிகிறதா, பன்னீர் ரோஜா தெரிகிறதா, இடித்த மிளகு தெரிகிறதா என்று பாருங்கள். நமக்குத் தெரிந்த வாசனையைத்தானே நாம் கண்டுபிடிக்க முடியும்! முகர்ந்த பிறகு ஒரு மிடறு. உடனே விழுங்காமல் வாய் முழுக்கச் சுற்ற விடுங்கள். முதலில் நாக்கின் இரு ஓரங்களில் நீர் ஊறும், அது புளிப்பு. பிறகு கன்னம் லேசாக உலரும், அது துவர்ப்பு. போஜொலேயில் முதலாவது தூக்கலாகவும் இரண்டாவது அடக்கமாகவும் இருக்கும். விழுங்கிய பிறகும் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்றால், அந்த ஒயின் அடுத்த கவளத்தைக் கேட்கிறது என்று அர்த்தம்.

சைட் டிஷ் எது?

நம் ஊரில் குடியும் சாப்பாடும் எப்போதிலிருந்து பகையாயின என்று யோசித்தால், சேலம் மாவட்டத்துக்கு அதில் தனிப் பங்கு இருக்கிறது. சென்னை மாகாணப் பிரதமராக வந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்தியது இங்கேதான். இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியெல்லாம் சேர்ந்த பெரிய சேலம் ஜில்லா அது. அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகரசபைத் தலைவராக இருந்தவர். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தியவர். கூலியைக் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போன ஆண்களையும், அடுப்பெரியாமல் காத்திருந்த பெண்களையும் கண்ணால் பார்த்தவர். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-ல் அவர் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி. கடை மூடினாலும் பில் நம் தலையில்தான்.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1971-ல் தளர்வு, மறுபடி தடை, 1983-ல் டாஸ்மாக் நிறுவனம், 1987-ல் கள்ளுக்குத் தடை, 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அரசு கையில். இத்தனை திறப்பிலும் மூடலிலும் மாறாத ஒன்று உண்டு. குடிப்பது திருட்டுத்தனமாக, அவசர அவசரமாக, வெறும் வயிற்றில் முடிக்க வேண்டிய வேலை. சைட் டிஷ் என்பது தொண்டை எரிச்சலை மறக்க வாயில் போடுவது. ஊறுகாய் ஒரு நக்கு, மிக்சர் ஒரு பிடி. எதைக் குடிக்கிறோம் என்பதே நாக்குக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

இதற்கு முன்னாலும் இந்த மண்ணில் குடி இருந்தது. தகடூர் அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறு நிலையில், கள் குறைவாக இருந்தால் எங்களுக்கே கொடுப்பான், கறித்துண்டு கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கே தருவான் என்று அழுகிறார். புறநானூறு 235. தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. கள்ளும் சோறும் கறியும் ஒரே பந்தியில் இருந்த காலம்.

போஜொலே அந்தப் பந்தியைச் சேர்ந்தது. அங்கே உணவுதான் பிரதானம், ஒயின்தான் சைட் டிஷ். குழம்புக்கு அப்பளம், கூழுக்கு மோர்மிளகாய் என்கிற இடத்தில்தான் அது நிற்க வேண்டும். தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கோப்பை குடிப்பதற்குப் பண்ணிய ஒயின் இல்லை இது. அப்படிக் குடித்தவர் புளிக்கிறது, தண்ணியாக இருக்கிறது என்று குறை சொன்னால் தப்பு ஒயினுடையது அல்ல.

நெசவாளிகளின் காலைச் சாப்பாடு

போஜொலேயின் தாய்வீடு லியோன். ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள் கூடும் நகரம். போஜொலே அங்கே மூன்றாவது ஆறாக ஓடுகிறது என்று பிரெஞ்சுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பட்டுத் தலைநகரம் அது. பட்டு நெசவாளிகளை அங்கே ‘கனூ’ என்பார்கள். கூலி உயர்வு கேட்டு 1831-லும் 1834-லும் அவர்கள் நடத்திய கிளர்ச்சிகள் ஐரோப்பியத் தொழிலாளர் வரலாற்றின் முதல் அத்தியாயங்கள். விடியுமுன் தறியேறியவர்கள் காலை ஒன்பது மணிவாக்கில் தறியை நிறுத்திவிட்டுக் கனமாகச் சாப்பிடுவார்கள். அதற்கு ‘மாஷோன்’ என்று பெயர். இலையில், மன்னிக்கவும், தட்டில் விழுவது என்ன தெரியுமா? குடல், ஈரல், ரத்தப் பண்டம், தலைக்கறி. பணக்காரர் வீட்டுக்குத் தொடைக்கறி போன பிறகு மிச்சம் இருப்பது எதுவோ அது. கூடவே கனத்த அடி வைத்த, அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு குப்பியில் போஜொலே.

வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய சேலத்துக்கு, இளம்பிள்ளையில் தறிச்சத்தம் ஓயாத சேலத்துக்கு, இந்தப் பட்டியல் அந்நியமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியும் குடல்குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த ஊர் இது. லியோன்காரர்கள் குடலை ஊறவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, ஏதோ சிப்பாயின் ஏப்ரனின் பெயரை வைத்துச் சாப்பிடுகிறார்கள். நாம் மஞ்சள் போட்டுக் கழுவி, சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டுக் கொதிக்கவைக்கிறோம். இரண்டிலும் உள்ள சங்கதி ஒன்றுதான். பிசுபிசுக்கும் கொழுப்பு, லேசான வாடை, மெல்ல மெல்ல ஏறும் ருசி. புளிப்பு தூக்கலான குளிர்ந்த ஒயின் அந்தப் பிசுக்கை வாயிலிருந்து துடைத்துவிட்டுப் போகிறது. அடுத்த வாய் முதல் வாய் மாதிரியே இருக்கிறது. போஜொலேக்குச் சேலத்திலிருந்து ஒரே ஒரு ஜோடி சொல்லச் சொன்னால் என் ஓட்டு குடல்கறிக்குத்தான். காலையில் அல்ல, சாயங்காலம். மாஷோன் மரபை அவ்வளவு தூரம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது இடம் பள்ளிபாளையம் சிக்கனுக்கு. நாமக்கல் மாவட்டத்து ஊர், அந்த ஊர்ப் பேரிலேயே பதார்த்தம். உண்மையான பள்ளிபாளையத்தில் மசாலாப் பொடி என்பதே கிடையாது. எண்ணெயில் கிள்ளிய வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், பொடியாக நறுக்கிய கோழி. அவ்வளவுதான். வெங்காயம் தித்திக்கும்வரை வதங்கும். தேங்காய்ப் பல் மெல்லும்போது எண்ணெய் கசியும். பட்டை, சோம்பு, கிராம்பு எல்லாம் போட்ட கறிகளில் மெல்லிய ஒயின் காணாமல் போய்விடும். இங்கே அதற்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. மிளகாய் விதையை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

மிளகாயின் காரம் ருசி அல்ல, சூடு. நாக்கில் 43 டிகிரிக்கு மேல் சுட்டால் மணியடிக்கும் ஓர் உணர்வாங்கி உண்டு. மிளகாயிலுள்ள கேப்சைசின் போய் அதே மணியை அடிக்கிறது. 1997-ல் அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. சாராயம் என்ன செய்கிறது? அந்த மணி அடிக்க வேண்டிய அளவை 34 டிகிரி வரைக்கும் இறக்கிவிடுகிறது என்று 2002-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதாவது நம் உடம்புச் சூடே போதும், வாய் எரிய. ஆகவே காரத்தோடு 14, 15 சதவீதச் சாராயம் உள்ள முரட்டுச் சிவப்பைக் குடிப்பது அடுப்பில் எண்ணெய் ஊற்றும் காரியம். டானினும் கூடினால் எரிகிற வாயை உலர்த்தவும் செய்யும். போஜொலேயில் சாராயம் பெரும்பாலும் 12, 13 சதவீதம். டானின் குறைவு. குளிர்ச்சி வேறு. காரத்தை அணைக்காது, ஆனால் விசிறிவிடவும் செய்யாது. நம் சமையலுக்கு மெல்லிய சிவப்பைச் சிபாரிசு செய்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தட்டுவடை செட்டைப் பற்றிச் சொல்லாமல் சேலத்தைத் தாண்ட முடியாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், ஒரு பக்கம் புதினாச் சட்னி, மறுபக்கம் பூண்டுக் காரச் சட்னி. மொறுமொறுப்புக்கும் உப்புக்கும் பீட்ரூட்டின் மண்வாசத்துக்கும் போஜொலே நன்றாக ஒத்துப்போகும். பூண்டுச் சட்னி அளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சைவர்களுக்கு இன்னும் ஒன்று உண்டு, கொள்ளுப் பருப்புக் கடைசல். ராசிபுரம் நெய் ஒரு கரண்டி விட்ட அரிசிம்பருப்பும் தேவலாம். நாமக்கல் முட்டை? முட்டைக்கும் ஒயினுக்கும் ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். பர்கண்டிக்காரர்களோ முட்டையைச் சிவப்பு ஒயின் குழம்பிலேயே வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். மிளகு தூக்கலாகப் போட்ட பொடிமாஸை முயன்று பார்க்கலாம். நான் அதற்குப் பெரிய ரசிகன் இல்லை.

தோற்றுப்போகும் ஜோடிகளில் முதலில் கருவாடு. மேட்டூர் அணை மீனைப் பொரித்துச் சாப்பிட்டால்கூடச் சமாளிக்கலாம், கருவாட்டுக் குழம்பு வேண்டவே வேண்டாம். சிவப்பு ஒயினுக்கும் மீனுக்கும் ஏன் ஆகவில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் தேடியபோது, குற்றவாளி ஒயினில் கரைந்திருக்கும் இரும்புச் சத்து என்று தெரிந்தது. அது மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சி அடிக்கவைக்கிறது. அடுத்தது மாம்பழம். சேலத்துக்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி, மல்கோவாவுக்குப் பிறகு போஜொலே குடித்தால் ஒயின் வெறும் புளித்தண்ணீர். இனிப்பு எதுவாக இருந்தாலும் அப்படித்தான், ஜவ்வரிசிப் பாயசம் உட்பட. கெட்டிப் புளிக்குழம்பும் ஒயினின் புளிப்பை விழுங்கிவிடும். சாப்பிட்டு முடித்து வெற்றிலை பாக்கு போட்டால் அன்றைக்கு ஒயின் கணக்கு முடிந்தது. அந்தத் துவர்ப்புக்கு முன்னால் எந்தப் பிரெஞ்சுக்காரனும் நிற்க முடியாது. பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லிருந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று கிளப்பிய பேச்சை நம்பி யாரும் தொடங்க வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. பழக்கம் இல்லாதவர் அப்படியே இருப்பதுதான் லாபம். இருக்கிறவர் சோற்றோடு ஒரு கோப்பையில் நிறுத்துவது நல்லது.

கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பியவர் டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் வெளிநாட்டு ஒயின் தேடலாம். எந்த ஊரில் எது இருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரியில் தேடுவது சுலபம், வாழப்பாடியிலிருந்து நேர் கிழக்கே போனால் வந்துவிடும். ஆனால் அங்கேயே குடித்துவிட்டு வர வேண்டியதுதான். அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் போலீஸ் கேஸ். வெளிநாட்டிலிருந்து திரும்பும் சொந்தக்காரர் விமான நிலையம் வழியாக 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம், அவரிடம் விஸ்கிக்குப் பதிலாக இதைச் சொல்லி வைக்கலாம். நாசிக்கிலும் பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலையிலும் செய்யும் சிவப்புகள் பெரும்பாலும் ஷிராஸ், கேபர்னே வகை. வெயில் ஊர்த் திராட்சையில் சர்க்கரை கூடுவதால் சாராயமும் கூடும். அவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் பாதிக் குறை தீரும்.

திறந்த பாட்டில் தீராவிட்டால் தக்கையை அழுத்தி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் குடிக்க லாயக்கில்லை, சமைக்க உதவும். பிரெஞ்சுக்காரர்கள் முற்றிப்போன சேவலைச் சிவப்பு ஒயினில்தான் வேகவைப்பார்கள். நம் நாட்டுச்சேவலும் முற்றினால் பல்லுக்கு அடங்காத ஜந்து. சின்ன வெங்காயம், பூண்டு, இடித்த மிளகு போட்டு வதக்கி, கறியைப் போட்டுப் பிரட்டி, மிச்ச ஒயினை ஊற்றி, மண்சட்டியில் இளந்தீயில் இரண்டு மணிநேரம். தக்காளியும் புளியும் வேண்டாம், புளிப்புக்கு ஒயினே போதும். கறிவேப்பிலையை மட்டும் இறக்கும்போது போடுங்கள்.